கூலிக்குப் பிடித்துவைத்த படம்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆவது பிரிவுக்குக் கீழே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பட்டை தீட்டாத வைரத்தை ஒருவர் நகைத் தொழிலாளியிடம் கொடுக்கிறார். வேலை முடிந்தபின் கூலி வரும்வரை கல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இது முதல் உதாரணம். இரண்டாவதில், கோட்டுத் தைக்கத் துணி வருகிறது. தைத்து முடித்ததும் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்று தையல்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது.

சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பதுதான் இது. மதுரையில் வக்கீல் தொழிலுக்கு வந்தபின் நான் இந்தப் பிரிவை எடுத்து வாதாடும் சந்தர்ப்பம் அதிகம் வாய்க்கவில்லை. நிலத் தகராறு, பாகப்பிரிவினை, காசோலை வழக்கு என்று போகும் நாட்களில் வைரத்துக்கும் கோட்டுக்கும் இடமேது? 2019 வாக்கில் பசுமலையிலிருந்து ஒரு இளைஞர் ஒரு சினிமாப் படத்தின் பஞ்சாயத்தோடு வந்தார். கடைசிவரை அந்த வழக்கு, அவர் வைரம் தீட்டியவரா கோட்டுத் தைத்தவரா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

திருப்பரங்குன்றம் சாலையிலிருந்து விளாச்சேரிப் பக்கம் பிரியும் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில் அவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். வருமானம் பெரும்பாலும் கல்யாண வீடியோ, பக்திப் பாடல் ஆல்பம், உள்ளூர் கேபிள் டிவிக்கான ஜவுளிக்கடை விளம்பரம். ஆனால் அவர் கற்றுவந்த தொழில் வேறு. சாலிகிராமத்தில் ஒரு டிஐ கூடத்தில் பல வருடம் உதவியாளராக இருந்தவர். படம் பிடித்தபின் காட்சிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே சீராக்குவதுதான் டிஐ. காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்த ஷாட்டும் அடுத்தடுத்து வரும்போது பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே பொழுதாகத் தெரிய வேண்டும். மதுரையைக் கதைக்களமாக வைத்து எத்தனையோ படங்கள் வந்துவிட்டன, கேமரா நம் தெருக்களிலெல்லாம் சுற்றியிருக்கிறது. ஷூட்டிங் முடிந்த மறுநாள் ஹார்ட் டிஸ்க்குகள் சென்னைக்கு ரயிலேறிவிடும். எடிட்டிங், டப்பிங், ரீரெக்கார்டிங், மிக்ஸிங், டிஐ எல்லாம் வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். அந்த வேலையில் கொஞ்சத்தை இங்கே செய்யலாமே என்று கடன் வாங்கி ஊர் திரும்பியவர் அவர்.

தயாரிப்பாளருக்குக் கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சொந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் சொன்ன கதை பிடித்துப்போய்ப் பணம் போட்டவர். சினிமாவை அவர் சரக்காகத்தான் பார்த்தார் என்று நான் குறையாகச் சொல்லவில்லை. 1937-இல் வந்த ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் ஒரு தியேட்டரையே கட்டிய வியாபாரிகள் இருந்த ஊர் இது. அந்த லாபத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் கடைத்தெருவில் இன்றும் உண்டு.

கொட்டேஷன் ஒரே பக்கம். எடிட்டிங், டிஐ, தியேட்டரில் ஓட்டும் கோப்பான டிசிபி தயாரிப்பு மூன்றுக்கும் சேர்த்து 12 லட்சம். அடியில் சின்ன எழுத்தில், முன்பணம் போக மீதியை டெலிவரிக்கு முன் கட்ட வேண்டும் என்று ஒரு வரி. அண்ணாச்சி 5 லட்சம் கொடுத்திருந்தார். மிக்ஸிங் மட்டும் சென்னையில் வேறொரு கூடத்தில் நடந்தது, அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

வேலை முடியும் தறுவாயில் கூடுதல் வேலைகள் வந்து சேர்ந்தன. டீசர் மூன்று விதமாக வெட்டச் சொன்னார்கள். தணிக்கையில் சில இடங்களை நீக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் நாலு விநாடியை எடுத்தால் அதற்குப் பிறகு வரும் ஒலி முழுவதையும் நகர்த்தி, உதட்டசைவோடு மறுபடி பொருத்தி, அந்த ரீலைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் புகையிலை. சட்டப்படி புகைபிடிக்கும் காட்சி ஓடும் நேரமெல்லாம் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் நிற்க வேண்டும். படத்தின் ஆரம்பத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம் வேறு. இந்தப் படத்தின் கதாநாயகன் வாயிலிருந்து பீடி இறங்கவே இல்லை. “பீடி குடிச்சது அவன், பில்லு எனக்கா?” என்று அண்ணாச்சி கேட்டதாகப் பின்னால் டைரக்டர் சொன்னார். கூடுதல் வேலைக்கு ஸ்டுடியோ போட்ட கணக்கு 2.4 லட்சம். அதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில் அண்ணாச்சி வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். “தம்பி, வேலையப் பாரு. படம் வெளிய வரட்டும், ஒன் கணக்க மொத்தமா முடிச்சிருவோம்.” பதிலுக்கு என் கட்சிக்காரர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும் படத்தை அனுப்பியிருந்தார். வழக்கின் முக்கால்வாசி அந்தக் கட்டைவிரல்தான்.

ரிலீஸ் தேதி குறித்தாயிற்று. டிசிபியும் மூலக் காட்சிகள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கும் கேட்டு ஆள் வந்தபோது இவர் மீதிப் பணத்தைக் கேட்டார். பேச்சு முற்றியது. அண்ணாச்சி காவல் நிலையம் போனார். நம்பிக்கை மோசடி, அன்றிருந்த தண்டனைச் சட்டத்தின் பிரிவு 406 என்று புகார். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கொட்டேஷனைக் காட்டி, கூலிக்காகப் பொருளை வைத்திருப்பவனுக்குக் கையாடல் எண்ணம் கிடையாது, இது சிவில் விவகாரம் என்று விளக்கினேன். அங்கே அது அதோடு நின்றது.

அன்று சாயங்காலம் என் கட்சிக்காரர் கேட்ட கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. “சார், நான் பாட்டுக்கு யூடியூப்ல ஏத்திவிட்டா என்ன?” கோபத்தில் கேட்டதுதான், ஆனாலும் விரலுக்கு எட்டும் தூரத்தில் பட்டன் இருக்கிறதே. உட்காரவைத்துச் சொன்னேன். பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாப் படத்தின் ஆசிரியர் என்பவர் தயாரிப்பாளர். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் படத்தை உருவாக்கியவர். இரவு பகலாக நிறம் பார்த்தவரோ, கதை எழுதியவரோ இல்லை. அனுமதியில்லாமல் வெளியிட்டால் 63-ஆவது பிரிவில் 6 மாதத்திலிருந்து 3 வருடம்வரை சிறை. கூலிக்காகப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை வெறும் வைத்துக்கொள்ளும் உரிமைதான். அடகு பிடித்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து விற்க 176-ஆவது பிரிவு வழிவிடுகிறது. 170-இல் விற்கவும் முடியாது, காட்டவும் முடியாது. “அப்ப இத வச்சு நான் என்னதான் சார் பண்றது?” “பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, சாவிய வீட்டுல குடுத்துட்டு வா.”

ஃபிலிம் காலத்தில் இந்தச் சண்டை இத்தனை சிக்கலாக இருந்திருக்காது. நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான், அது லேபில் இருக்கும். படத்துக்குப் பணம் கொடுக்கும் பைனான்சியர்கள் ‘லேப் லெட்டர்’ வாங்கிக்கொள்வார்கள். கடன் தீர்ந்தது என்று அவர்கள் எழுதிக் கொடுக்காமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே போகாது. கோடம்பாக்கத்தின் கடன் பொருளாதாரமே அந்தக் கடிதத்தின் மேல்தான் நின்றது. லேபுகள் மூடப்பட்டு எல்லாம் டிஜிட்டல் ஆனபின் அந்தப் பூட்டு இடம் மாறியது. இப்போது தியேட்டருக்குப் போகும் படம் குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பு. குறிப்பிட்ட தியேட்டரில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அதைத் திறக்கும் சாவியைக் கேடிஎம் என்பார்கள். பைனான்சியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வியாழக்கிழமை தடை கேட்டு ஓடுவது இந்தச் சாவியை நிறுத்தத்தான், வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்தாவது அது கிடைக்காததால்தான். ஆனால் இதெல்லாம் பெரிய பைனான்சியர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உள்ள ஏற்பாடு. பசுமலை மாடியில் வேலை செய்தவருக்கு எந்தக் கடிதமும் இல்லை, பீரோ மட்டும்தான்.

அண்ணாச்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டிஸ்க்கையும் டிசிபியையும் உடனே ஒப்படைக்கச் செயலுறுத்துக் கட்டளை கேட்டு மனு. ரிலீஸ் தேதி நெருங்கியதால் அவசரம் என்றார்கள், உண்மையும் அதுதான். நாங்கள் பதிலுரையோடு 9.4 லட்சத்துக்கு எதிர்க் கோரிக்கையும் வைத்து நீதிமன்றக் கட்டணம் கட்டினோம். கட்சிக்காரர் கொடுத்த கணக்கில் டிஸ்க்கைப் பத்திரப்படுத்தியதற்கு நாள் வாடகை என்று ஒரு தொகை இருந்தது. அதை நான் அடித்துவிட்டேன். 1860-இல் இங்கிலாந்தில் பழுதுபார்த்த கப்பலைக் கூலிக்காகப் பிடித்துவைத்த கப்பல் பட்டறைக்காரர்கள், வைத்திருந்த நாட்களுக்கு நாளொன்றுக்கு 21 பவுன் துறை வாடகை கேட்டார்கள். உன் நலனுக்காக நீ வைத்திருந்ததற்கு எதிராளி ஏன் வாடகை தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. சோம்ஸ் வழக்கு என்பார்கள். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகிறது, இன்றும் நல்ல தீர்ப்பு.

எதிர்த்தரப்பில் ஆஜரானவர் எங்கள் பாரில் மூத்தவர். நான் 170-ஐப் படித்து முடித்ததும் எழுந்து, 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நீட்டினார். ஆர்.டி. சக்சேனா வழக்கு. ஃபீஸ் பாக்கிக்காகக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்குக் கட்டுகளைத் திருப்பித்தர மறுத்த வக்கீலின் கதை. வக்கீலுக்கு அந்த உரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குக் கட்டு சந்தையில் விற்கும் பொருளல்ல, ஆகவே சட்டம் சொல்லும் சரக்கு ஆகாது என்பது ஒரு காரணம். “என் நண்பர் ஃபீஸுக்காகத் தன் கட்சிக்காரர் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. அப்படியிருக்க அவருடைய கட்சிக்காரர் படத்தை மட்டும் எப்படிப் பிடித்துவைப்பார்? டிஸ்க்கில் இருப்பதை அவர் யாருக்கு விற்பார்?” கூடத்தில் சிரிப்பு. எனக்கே ரசிக்கத்தான் தோன்றியது.

அந்தத் தீர்ப்பு 171-ஆவது பிரிவைப் பற்றியது. வங்கிகள், படகுத்துறைக்காரர்கள், உயர் நீதிமன்ற அட்டர்னிகள் போன்ற சிலருக்கு எந்தப் பாக்கிக்கும் எந்தப் பொருளையும் பிடித்துவைக்கும் பொது உரிமை பற்றிப் பேசுவது. நாங்கள் கேட்டது அதுவல்ல. எந்தப் பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவானதோ அந்தப் பொருளுக்கு, அந்தக் கூலிக்கு மட்டும். வக்கீல் கட்டைப் படிக்கிறார், கட்டு மாறுவதில்லை. இவர் கைபட்டபின் படம் வேறு பொருளாகிவிட்டது. இப்படி வாதாடினேன். நீதிபதி எழுதிக்கொண்டே, “மாறிய பொருள் எந்த டிஸ்க்கில் இருக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமித்தார்கள். அவர் எனக்கு ஜூனியராக இருக்கும் வயதுள்ள ஒரு பெண் வக்கீல். இரு தரப்பும் கூட ஒரு பிற்பகல் பசுமலைக்குப் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் சுவர், கூரை, திரைச்சீலை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வேறு நிறச் சுவராக இருந்தால் அதன் சாயல் கண்ணில் ஏறி, திரையில் தெரியும் நிறத்தைத் தப்பாக எடை போடவைக்கும் என்றார். மேசைமேல் பிள்ளையார் படம்கூட இல்லை. மஞ்சள் குங்குமம் பார்வையைக் கெடுக்குமாம், பிள்ளையார் வாசல் பக்கம் போய்விட்டார்.

கமிஷனர் நேராகக் கேட்டார். “இதுல எது படம்?”

“மூணுமே படம்தான் மேடம்.” பீரோவைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே பால்பாயிண்ட் பேனாவில் ‘புரொடக்ஷன் நம்பர் 1’ என்று எழுதியிருந்தது. “இது அண்ணாச்சி குடுத்தது. கேமராவுல எடுத்தது அப்படியே இருக்கு, இதுல நான் கையே வைக்கல.” அடுத்து மூலையில் விசிறி சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த பெட்டி. “இது என்னோட ஸ்டோரேஜ். இதுல காப்பி எடுத்துத்தான் வேலை செஞ்சேன்.” கடைசியாகத் தியேட்டர் சர்வரில் செருகும் உறைக்குள் இருந்த டிரைவ். “இது டிசிபி. டிரைவும் என் காசுல வாங்குனதுதான்.”

இதே படம் கையால் தீட்டிய வைரமாக இருந்தால் ஒரு பொருள்தான் இருந்திருக்கும். இங்கே கொடுத்த பொருளில் வேலை நடக்கவில்லை; வேலை நடந்த பொருள் கொடுக்கப்பட்டதல்ல. ஒப்படைப்பு என்று சட்டம் சொல்வது, கொடுத்ததையே திருப்பித்தருவது. அந்தக் கணக்குப்படி 170-ஆவது பிரிவின் கீழ் வருவது பீரோவிலிருந்த டிஸ்க் மட்டும், அதில் இவர் உழைப்பு ஒரு துளி இல்லை. டிசிபியைப் பொறுத்தவரை எங்களுக்கு வேறு பிரிவு இருந்தது, 51. பரஸ்பர வாக்குறுதியில் எதிராளி தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லையென்றால் நானும் செய்யக் கடமைப்பட்டவனல்ல. உண்மையில் எங்கள் பலம் அங்கேதான் இருந்தது. டிஸ்க்கைவிட டிசிபி பற்றி அதிகம் பேசும்படி வாதத்தை அன்றே மாற்றிக்கொண்டேன்.

மூல டிஸ்க்கின் நகல் ஒன்றை எடுத்து முத்திரையிட வேண்டியிருந்தது. நகலும் மூலமும் ஒன்றுதான் என்பதற்கு இரண்டுக்கும் ஹாஷ் எண் எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். திரையில் பட்டை நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகம். எதிர்த்தரப்பு சீனியர் திண்ணைபோலிருந்த மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடித்தார். டைரக்டர் அங்கேயே நின்றார், யார் பக்கமும் பேசவில்லை. இருட்டியபின் எண்கள் பொருந்தின. கமிஷனர் இரண்டையும் கையால் எழுதிக்கொண்டு இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினார். அப்போது மின்னணுச் சான்றுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் போதும். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவமே ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. அந்த இளம் கமிஷனர் முன்னாலேயே செய்துவிட்டார்.

மீதி வாதம் குரல் பதிவைப் பற்றி. “படம் வெளிய வரட்டும்” என்பது தவணை, கட்டைவிரல் அதற்குச் சம்மதம், ஆகவே கோட்டுத் தைத்த கதை என்றார் சீனியர். சின்னப் படக்குறிக்கு அவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது என்று சொல்ல, 2018-இல் நமது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே வந்த ஒரு தீர்ப்பை யோசித்தேன். பிஎஸ்என்எல் ஊழியர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட சிரிப்புக் குறிகள் பற்றியது. அது குற்ற வழக்கு, ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன். பிறகு 2023-இல் கனடாவின் சஸ்காட்செவான் மாகாண நீதிமன்றம், ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்துக்கு விவசாயி ஒருவர் அனுப்பிய கட்டைவிரலைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு 82,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அந்தத் தீர்ப்பு நான்கு வருடம் முந்தி வந்திருந்தால் சீனியர் அதை நிச்சயம் எடுத்து நீட்டியிருப்பார்.

என் வாதம் ‘ஒன் கணக்கு’ எந்தக் கணக்கு என்பதைப் பற்றி. பதிவு வந்த தேதிக்கு முந்தின நாள்தான் டீசர், புகையிலை வாசகம் இவற்றுக்கான கூடுதல் பில் போயிருந்தது. அண்ணாச்சி தவணை கேட்டது அதற்குத்தான். கொட்டேஷனில் அச்சிட்ட டெலிவரிக்கு முந்திய பாக்கி அப்படியே நிற்கிறது. ஆக 2.4 லட்சத்துக்கு இவர் தையல்காரர், 7 லட்சத்துக்கு வைரம் தீட்டியவர்.

நீதிபதி இடைக்கால உத்தரவில் இந்தப் பிரிவினையை முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. 5 லட்சத்தை நீதிமன்றத்தில் கட்டினால் டிஸ்க்கையும் டிசிபியையும் அன்றே கொடுத்துவிட வேண்டும், ஸ்டுடியோவின் சொந்த ஸ்டோரேஜில் உள்ளதை வழக்கு முடியும்வரை அழிக்கக்கூடாது, யாருக்கும் காட்டவும் கூடாது, மற்றதெல்லாம் விசாரணையில். அண்ணாச்சி மஞ்சள் பையில் ரொக்கமாகக் கொண்டுவந்துவிட்டார். சலான் போட்டு வங்கியில் கட்ட வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அவருடைய வக்கீலுக்கு மூச்சு வாங்கியது. “அண்ணாச்சி, இது கடைத்தெரு இல்ல.” “அதான் தெரியுதே, அங்கன்னா இந்நேரம் கணக்கு முடிஞ்சிருக்கும்.”

படம் குறித்த தேதியிலேயே வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இல்லை. நிறம் நன்றாக இருந்தது என்று என் மனைவி சொன்னாள், அதைமட்டும் கட்சிக்காரரிடம் சொன்னேன்.

படம் ஓடாததால் வழக்கும் சூடு ஆறியது. வெளியிலேயே பேசி, கட்டிய பணத்தோடு இன்னும் 2.75 லட்சம் என்று முடித்து, சமரசக் குறிப்பைத் தாக்கல் செய்தோம். கூடுதல் வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி போயிற்று. நீதிமன்றம் நடத்திவைக்காத தனிச் சமரசத்துக்கும் கட்டணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான சுப்பிரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டிருந்ததால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69ஏ-இன்படி அந்தப் பணம் முழுதாக வந்தது.

பிறகு அவருடைய கொட்டேஷனை நான் திருத்தி எழுதிக்கொடுத்தேன். மூல டிஸ்க்கைக் கேட்ட அன்றே தந்துவிட வேண்டும், அதைப் பிடித்துவைத்துப் பயனில்லை, பெயர் கெடுவதுதான் மிச்சம். பணம் முழுதும் வரும்வரை பார்வைக்குப் போவது குறுக்கே ஸ்டுடியோ பெயர் ஓடும் தரம் குறைந்த பிரதி. நல்ல பிரதி பணத்துக்குப் பின். கூடுதல் வேலை எதுவானாலும் தொகையைக் குறித்து எழுத்தில் ஒப்புதல். குரல் பதிவும் படக்குறியும் ஒப்புதல் ஆகா. வேலை முடிந்து 90 நாளுக்குப் பின் ஸ்டோரேஜில் எதுவும் இருக்காது. இந்தக் கடைசி ஷரத்துக்குத்தான் வருகிறவர்களெல்லாம் சண்டை போடுகிறார்களாம். “வீட்டுக் கல்யாண வீடியோவ மூணு வருசம் கழிச்சு வந்து கேக்குறாங்க சார், இருக்குதான்னு. இருந்தா என்ன சார் சார்ஜ் பண்ணலாம்?”